நல்லாத்தான் கீதுங்க

1

திருவண்ணாமலையில் சிறு பத்திரிகை ஒன்று நடத்தும் என் பள்ளித் தோழன் தனபால் போன மாதம் ஒரு கடிதம் போட்டிருந்தான். "நீ சீமைக்குப் போயி இந்தத் தையோட ஏழு வருஷம் ஆவுது. புராடக்ட் மேனேஜர்னு சொல்லிக்கிறியே, அது இன்னா வேலை, அதுக்கு இன்னா கருவி வேணும், இன்னா புஸ்தகம் படிக்கணும்னு பட்டியல் போட்டு எழுது. நம்ம ஊர்ப் பசங்க டிகிரி முடிச்சிட்டு சும்மா சுத்திக்கினு கீறானுங்க. உன் பெருமைய கம்மியா எழுது, விஷயத்த ஜாஸ்தியா எழுது."

கடைசி வரி கொஞ்சம் சுருக்கென்றது. இருந்தாலும் கேட்டவன் தனபால் என்பதால் எழுதுகிறேன். பெருமை அங்கங்கே வந்தால் அவனே வெட்டிக்கொள்ளட்டும்.

முதலில் வேலை. ஒரு பொருளைச் செய்கிறவர்கள் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். விற்கிறவர்கள் கடையில் இருக்கிறார்கள். உபயோகிக்கிறவர்கள் வீட்டிலோ வயலிலோ இருக்கிறார்கள். இந்த மூன்று கூட்டமும் ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை. நடுவில் நின்று மூன்று பேரிடமும் திட்டு வாங்கி, ஒருவர் திட்டியதை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்கிறவன்தான் நான். நான் பார்த்துக்கொள்ளும் பொருள் ஸ்பிரேயர். செடிக்கு மருந்தடிக்கிற மிஷின் என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் இதையெல்லாம் விளக்கிப் பார்த்தேன். "அப்ப குடோன் பார்த்துக்கிற ஆளுன்னு போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். இங்கே விமான நிலையத்தில் அதிகாரி அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு, அதே முகத்தோடு முத்திரை குத்தினார்.

இனி கருவிகள். சட்டைப் பையில் நுழைகிற அளவுக்கு ஒரு நோட்டு வேண்டும். பெரிய நோட்டை எடுத்தால் எதிரில் இருப்பவர் வாக்குமூலம் கொடுப்பதைப் போலப் பேச ஆரம்பித்துவிடுவார். உடைந்து திரும்பி வந்த பொருட்களைப் பரப்பி வைக்க ஒரு மேசை வேண்டும். எங்கள் ஆபீசில் எல்லோரும் முகம் சுளிக்கும் அந்த மேசைதான் எனக்குப் பள்ளிக்கூடம். புகார்க் கடிதங்களை யாரும் சுருக்கி எழுதிக் கொடுக்காமல் முழுதாகப் படிக்கிற பொறுமை வேண்டும். எந்த வேலை எந்த வாரம் முடியும் என்று கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டும் காகிதம் ஒன்று உண்டு. அதில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். இரண்டு ஜோடி கம்பளிக் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உங்கள் பொருளின் மூடியைத் திறந்து பார்த்தால், விரல் மடங்காத வயதானவர்கள் படும் பாடு உங்களுக்கே தெரிந்துவிடும். மாடியில் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் போன மாதம் எத்தனை விற்றது என்று சொல்லும். ஏன் விற்றது என்று கேட்டால் அதற்கும் தெரியாது, மாடியில் இருப்பவர்களுக்கும் தெரியாது. புத்தகங்கள் நூலகத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எதை வேண்டுமானாலும் படியுங்கள், ஆனால் பஸ் ஏறிப் போய் ஆட்களைப் பார்த்த பிறகு படியுங்கள்.

தனபால் கேட்ட பட்டியல் இவ்வளவுதான். இதெல்லாம் என்னிடம் இருந்தும் போன வருடம் நான் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டுமானால் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

படிப்பு முடிந்ததும் திருவண்ணாமலை தேரடி வீதியில் விவசாயக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில் சேர்ந்தேன். எமர்ஜென்சி முடிந்திருந்த நேரம். அந்த வருடம் சென்னைக் கம்பெனி ஒன்று முதுகில் மாட்டிக்கொள்ளும் புது ஸ்பிரேயரை எங்கள் கடைக்கு அனுப்பியது. அதற்கு அச்சு வார்த்தது இங்கிலாந்தில். கூடவே ஒரு கட்டு கேள்வித்தாளும் வந்தது. வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய், பொருள் மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்ற நான்கில் ஒன்றுக்கு டிக் வாங்கி வர வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். ஒரு வாரம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், ஒரு வாரம் அடி அண்ணாமலைப் பக்கம்.

போன வீட்டிலெல்லாம் பாய் விரித்தார்கள், மோர் கொடுத்தார்கள். "நல்லாத்தான் கீதுங்க" என்றார்கள். எல்லோரும் 'நன்று'. இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு 'மிக நன்று' போட்டார்கள். கட்டை அப்படியே சென்னைக்கு அனுப்பினேன். அதைப் பார்த்து அவர்கள் அதே மாடலில் இன்னொரு லோடு அனுப்பினார்கள். முதலாளி என் முதுகைத் தட்டினார்.

ஆடியில் முதல் மழை விழுந்ததும் மணிலாக்கொட்டைச் செடியில் கம்பளிப்பூச்சி இறங்கியது. கீழ்பென்னாத்தூரில் முனுசாமி என்பவரின் கடலைக் கொல்லையைப் பூச்சி மொட்டையடித்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடினேன். என்னிடம் 'நன்று' போட்டவர்களில் அவரும் ஒருவர். கொல்லையில் நரம்பும் காம்பும்தான் நின்றன. ஸ்பிரேயர் பம்புசெட்டுக் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. அதன் வாரில் சிலந்தி வலை.

"ஏங்க இத எடுத்து அடிக்கல?" என்றேன்.

"மிஷின் மேல தப்பு ஒன்னும் இல்லீங்க. நம்ம நேரம்" என்றார் முனுசாமி. கொல்லை போன நிலையிலும் என் மனம் நோகக்கூடாது என்று பார்த்தார்.

அவர் மனைவி பச்சையம்மாள் அப்போது புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "தப்பு இல்லாம இன்னா? அதுல தண்ணி ஊத்தறது யாரு? நான்தான். அந்த வாயி என் வளையல் அளவுக்குக்கூட இல்ல. கொடத்த சாச்சா பாதி உள்ள போவுது, பாதி மருந்தோட சேர்ந்து என் கால்ல ஊத்துது. ரெண்டு நாள் கால் எரிஞ்சி தூக்கம் இல்ல. நான் ஊத்தமாட்டேன்னுட்டேன். அப்புறம் இவரு எங்க அடிக்கிறது?"

"நான் கேட்டுக்கினு வந்தப்ப சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னை யாரு கேட்டா? அதுவுமில்லாம, ஊட்டுக்கு வந்து மோர் குடிச்சிக்கினு இருக்கிற ஆளுகிட்ட உன் சாமான் மோசம்னு எப்பிடிங்க சொல்றது?"

நம் பக்கத்து வழக்கம் அது. ஆளை உட்காரவைத்து வாய்க்கு ஏதாவது கொடுத்துவிட்டால் அவர் கொண்டுவந்ததைக் குறை சொல்ல மாட்டோம். அதே மாதிரி ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டால் அவர்களுடையதையும் குறை சொல்ல மாட்டோம். நான் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தெரியாத வழக்கமா? தெரிந்தும் மோரைக் குடித்துவிட்டு டிக் வாங்கி வந்தேன். முனுசாமியின் கொல்லையில் பாதிப் பழி என் கேள்வித்தாளைச் சேரும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் தகரப் பட்டறையில் குடத்தின் வாய் உட்காரும் அளவுக்கு அகலமாக ஒரு புனல் அடித்தேன். அடிப்பாகம் ஸ்பிரேயரின் வாய்க்குள் போய் இறுகிக்கொள்ளும். பச்சையம்மாள் குடத்தைச் சாய்த்தார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. "இத மொதல்லியே செய்யறதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு கடையில் ஒவ்வொரு ஸ்பிரேயரோடும் ஒரு புனல் கொடுத்தோம். கொட்டகைகளில் தொங்கிய மிஷின்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, படம் போட்டு, சென்னைக்கு அனுப்பினேன். 'உங்கள் மாடலின் வாய் தவறு, நாங்கள் கேட்ட விதமும் தவறு' என்று ஆரம்பித்த கடிதம். 'கவனிக்கப்படும்' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை யாரோ புண்ணியவான் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்திருந்தார். அங்கே அதைப் படித்தவர் ஆலன்.

3

ஆலன்தான் நான் இப்போது வேலை செய்யும் கம்பெனியில் ஸ்பிரேயர் பிரிவுக்குத் தலைவர். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்னைத் தேடிப் பிடித்து, பாரம் மேல் பாரம் எழுதி அனுமதி வாங்கி, என்னை இங்கே வரவழைத்தார். வந்த முதல் குளிர்காலம் எனக்கும் கோமதிக்கும் எதுவும் பிடிபடவில்லை. கணப்பு எப்படிப் பற்றவைப்பது, டாக்டரிடம் எப்படிப் பெயர் பதிவது, குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் அவரும் அவர் மனைவி மார்கரெட்டும் சொல்லிக்கொடுத்ததுதான். ஏழுமலை என்ற பெயர் அவர் வாயில் 'எலு' என்றுதான் வரும். ஒருநாளும் அதற்காகச் சிரித்ததில்லை, மன்னிப்புக் கேட்பார். மாதம் ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. இந்த ஊரில் எங்களுக்கு உறவு என்றால் அவர்கள்தான்.

போன வருடம் ஆலனுக்கு ஓய்வு பெறும் வருடம். போவதற்கு முன் கடைசியாக ஒரு பொருள் செய்தார். வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற சின்ன ஸ்பிரேயர். மேலே இருக்கும் கைப்பிடியை ஏற்றி இறக்கிக் காற்றடைக்க வேண்டும், விசையை அழுத்தினால் பூவாய்த் தூவும். பார்க்க அவ்வளவு லட்சணம். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றும் குமிழைக் கண்ணுக்குத் தெரியாமல் கைப்பிடிக்கு அடியில் மறைத்திருந்தார். அந்த யோசனையில் அவருக்குத் தனிப் பெருமை.

கடைக்கு அனுப்புமுன் ஆறு வீடுகளில் ஆறு ஸ்பிரேயர் கொடுத்தோம். மருந்து வேண்டாம், வெறும் தண்ணீர். நான் போய்க் கேட்கவில்லை, நின்று பார்த்தேன். கீழ்பென்னாத்தூர் கற்றுக்கொடுத்த பாடம் அது.

மூன்றாவது வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர். விரல்கள் முடிச்சு முடிச்சாக இருந்தன. ரோஜாவுக்கு அடித்து முடித்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்ற மூடியைத் திருகினார். குமிழ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மூடி 'டப்' என்று எகிறி, தண்ணீர் முகத்தில் அடித்தது. கண்ணாடியெல்லாம் தண்ணீர். அதைத் துடைத்துக்கொண்டே "அருமையான சாமான், உங்கள் கம்பெனிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்" என்றார். எனக்கு டீயும் கேக்கும் கொடுத்தார்.

அவர் சொன்னதை விட்டுவிட்டுப் பார்த்ததை எழுதிக்கொண்டேன். ஐந்தாவது வீட்டிலும் அப்படியே எகிறியது, ஆறாவது வீட்டிலும். உள்ளே இருந்தது மருந்தாக இருந்தால் மூன்று பேர் கண்ணுக்குள் போயிருக்கும்.

4

அது சனிக்கிழமை. மறுநாள் ஆலன் வீட்டில் சாப்பாடு.

எங்கள் மகள் கயலுக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது. சாப்பாட்டின் கடைசியில் மார்கரெட் ஆவியில் வேகவைத்த ஒரு இனிப்பைப் பரிமாறி, "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார்.

"எனக்குப் பிடிக்கவில்லை, நன்றி" என்றாள் கயல், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கோமதி மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். மார்கரெட் "பரவாயில்லை கண்ணே" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு ஆப்பிளை நறுக்கி வைத்தார். எனக்கும் அந்த இனிப்பு பிடிக்கவில்லை. மகள் செய்ததை ஈடுகட்ட இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஆலன் கேட்டார். "எலு, ஆறு வீட்டுக்கும் போய் வந்தாயே, நம் ஸ்பிரேயர் எப்படி?"

வாய் நிறைய அவர் வீட்டுச் சாப்பாடு. எதிரில் அவர் முகம், பக்கத்தில் மார்கரெட். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். "எல்லோருக்கும் பிடித்திருக்கிறது" என்றும் சேர்த்துக்கொண்டேன். பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

ஆலன் மார்கரெட்டின் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆலனின் கண் கலங்கியிருந்தது.

திரும்பும் வழியில் காரில் கயலைத் திட்டினேன். "அவங்க கேட்டாங்க. அதனால சொன்னேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோமதி திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு, "அவள திட்டறீங்களே, நீங்க இன்னா சொன்னீங்க? அந்த டீச்சரம்மா மூஞ்சில தண்ணி அடிச்சிதுன்னு நேத்து எங்கிட்ட சொன்னீங்க இல்ல? அதுல நாளைக்கு மருந்து ஊத்துவாங்க இல்ல?" என்றாள்.

"அவரு வீட்டுல உக்காந்துக்கினு எப்படி சொல்றது கோமதி?"

சொல்லி முடித்த பிறகுதான் இது யார் பேச்சு என்று எனக்கு உறைத்தது. கீழ்பென்னாத்தூரில் பச்சையம்மாள் சொன்னதையே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வழக்கத்தைக் குறை சொல்லிக் கடிதம் எழுதித்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது.

5

திங்கட்கிழமை என் மேசைக்குப் பச்சை நிறப் பாரம் வந்துவிட்டது. இங்கே ஒரு பொருள் கடைக்குப் போகவேண்டுமானால் அந்தப் பாரத்தில் ஏழு கையெழுத்து விழவேண்டும். ஆறு விழுந்திருந்தன. முதல் கையெழுத்து ஆலனுடையது. 'வீடுகளில் சோதித்தவர்: ஏழுமலை. குறை எதுவும் இல்லை' என்று அவரே தட்டச்சு செய்திருந்தார், என் பெயரை எழுத்து எழுத்தாகச் சரியாகப் போட்டு. ஏழாவது இடம் எனக்கு.

கையெழுத்துப் போட்டால் வசந்தகாலத்தில் அது கடைக்குப் போகும், பிறகு யாரோ ஒரு டீச்சரம்மாவின் கண்ணுக்குள் போகும். போடாவிட்டால் ஆலன் மூன்று வாரத்தில் கடைசிப் பொருளை முடிக்காமலே வீட்டுக்குப் போவார். அவர் இல்லாவிட்டால் நான் இந்தத் தேசத்திலேயே இல்லை. அன்று முழுவதும் பாரத்தை மேசையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தேன். கடிதமாக எழுதி அவர் மேசையில் வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். காகிதத்தில் எனக்கு எப்போதும் துணிச்சல் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் அறைக்குப் போனேன். டீ வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஆறு வருடத்தில் அவர் கொடுத்த டீயை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். மூன்று வீடு, மூன்று மூடி, மூன்று முகம். நின்றுகொண்டே சொன்னேன். "குமிழ் மறைந்திருப்பது தவறு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"இதை ஏன் ஞாயிற்றுக்கிழமை சொல்லவில்லை?"

"உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்."

"அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்கு மோர், பாய், முனுசாமி, பச்சையம்மாள் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கடைசியில், "அப்படியானால் இத்தனை வருடம் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீ சொன்னதில் எதுதான் உண்மை?" என்று கேட்டார். கையில் கொண்டுபோயிருந்த பச்சைப் பாரத்தை நோட்டின் பக்கத்தில் வைத்தேன். அவர் பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். என்னைப் பார்க்காமல், "கதவைச் சாத்திவிட்டுப் போ" என்றார்.

கதவைச் சாத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். தனபால் இதை வெட்ட மாட்டான் என்று நம்புகிறேன்.

6

மூன்று வாரமும் ஆலன் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. விடைபெறும் விழாவில் எல்லோருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். எனக்கும் சொன்னார், மற்றவர்களுக்குச் சொன்னதைப் போலவே. அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. கயல்கூட ஒருநாள் கேட்டாள், "நான் சொன்னதாலயா?" என்று, தமிழில். இல்லடா, அப்பா சொல்லாததால என்றேன்.

குமிழைக் கைப்பிடிக்கு மேலே கொண்டுவந்து, சிவப்பு நிறம் கொடுத்து, அது எழும்பாமல் மூடி திரும்பாதபடி செய்ய ஐந்து மாதம் பிடித்தது. லட்சணம் கொஞ்சம் குறைந்தது. டீச்சரம்மாவிடம் மறுபடி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் தானாகவே சிவப்புக் குமிழை இழுத்தார், 'உஸ்' என்று காற்று போனது, மூடி திறந்தது. அன்று சாயங்காலமே ஏழாவது கையெழுத்தைப் போட்டேன். ஆலன் கோடு போட்ட முதல் இடத்தில் அவருக்குப் பின்னால் வந்தவர் போட்டார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஸ்பிரேயர் கடைக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். ஆபீசில் போன் அடித்தது.

"வாடிக்கையாளர் பேசுகிறேன்" என்றது குரல். ஆலன்.

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"உங்கள் புது ஸ்பிரேயரைக் கடையில் வாங்கினேன். புகார் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்வது?"

"என்னிடம்தான்."

"எழுதிக்கொள். ஒன்று, தோளில் மாட்டும் வார் குட்டையாக இருக்கிறது. இரண்டு, எப்படி உபயோகிப்பது என்று ஒட்டியிருக்கும் சீட்டு ஈரம் பட்டதும் உரிந்து வருகிறது. மூன்று, தண்ணீர் அளவுக் கோடு வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை." ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மூன்றும் உண்மையான குறை. மூன்றாவது எங்களில் ஒருவர் கண்ணிலும் படாதது.

"எழுதிக்கொண்டேன்" என்றேன்.

பிறகு, "நாலாவது ஒன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோமதியையும் கயலையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா" என்றார்.

போனோம்.